புதன்கிழமைக் கட்டங்கள்

பன்னிரண்டாம் தேதி, புதன். காலை 6.10-க்கு இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். தவறு. அம்மா அறைக் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடுவதை மறந்துவிட்டேன். 6.06 என்பதே சரி.

நோட்டில் 6.10-இன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிக் கையெழுத்து வைப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்துவிட்டது.

"ஏய் மணிக்கூண்டு, எழுதி முடிச்சாச்சுன்னா முதுகுக்கு அந்தத் தலகாணிய வை. பாதி திருப்பினதுல அப்படியே விட்டுட்டுப் போயிட்ட."

சின்னவள் நோட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். தலையணையை முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே செருகினாள். முழங்கால்களுக்கு இடையில் மடித்த துணியை வைத்தாள். குதிகால் மெத்தையில் படாமல் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் முதலில் எழுதிவிட்டுத்தான் செய்யத் தோன்றும். அது ஒரு வியாதி என்று அண்ணன் சொல்வான்.

"வலி எவ்வளவும்மா? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லு."

"மூணு."

"நேத்தும் மூணுதான் சொன்ன."

"நேத்து வலிச்ச அதே வயிறுதானேடி. இன்னைக்குப் புதுசா ஒண்ணு வாங்கியா வச்சிருக்கேன்?"

சின்னவள் சிரிக்கவில்லை. மூணு என்பது பொய் என்று அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் அவள் யாரிடமும் சொல்ல முடியாத விஷயம்.

அம்மா பிரசவ வார்டில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். வயிற்றில் வந்த கட்டி ஈரல் வரைக்கும் போய்விட்டது, இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் நர்ஸிங் கல்லூரியிலிருந்து ஒரு ஆராய்ச்சிக்கு ஆள் தேடிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் படுத்திருக்கும் நோயாளியின் வலியைக் கூட இருந்து பார்த்துக்கொள்பவர்கள் எவ்வளவு சரியாகக் கணிக்கிறார்கள் என்று பார்க்கும் ஆராய்ச்சி. அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "ஊர்ப்பட்ட பொம்பளைங்களப் போய் வலிக்குதா வலிக்குதான்னு நான் கேட்டேன். என்னையும் ஒருத்தி கேக்கட்டுமே" என்று கையெழுத்துப் போட்டாள்.

வாரம் தவறாமல் புதன்கிழமை பதினொரு மணிக்கு ஆராய்ச்சி நர்ஸ் வருவாள். இருபது நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் கேள்வி கேட்பாள். அந்த நேரத்தில் வீட்டு ஆள் அறையில் இருக்கக் கூடாது. வெளியே இருந்து, அம்மாவின் வலி எத்தனை என்று தன் மனதுக்குப் படுவதை நோட்டில் புதன்கிழமைக் கட்டத்தில் எழுத வேண்டும். கடைசியில் இரண்டு எண்ணையும் கல்லூரியில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ரப்பர் கூடாது, வெள்ளை மை கூடாது. தவறு வந்தால் பழசு தெரிகிற மாதிரி ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, தேதி, கையெழுத்து. முதல் நாள் நர்ஸ் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்.

சின்னவள் அதை இம்மி பிசகாமல் நடத்தினாள். கண்ணாடிக் கடையில் பாதி நாள் வேலை, வாரம் மூன்று மாலை வகுப்பு. மீதி நேரமெல்லாம் அந்த நோட்டு. எந்தப் பக்கத்தை எடுத்தாலும் இரண்டு மூன்று கோடுகள் இருக்கும். நாலு நிமிடப் பிழைக்கும் ஒரு கோடு, ஒரு கரண்டி தண்ணீர் கூடக் குறைய எழுதியதற்கும் ஒரு கோடு.

புதன்கிழமைக் கட்டங்களில் மட்டும் ஒரு கோடும் இல்லை. அவ்வளவு சுத்தமாக இருந்த அந்தக் கட்டங்களில்தான் பொய் இருந்தது.

முதல் புதன் அவள் மூணு என்றுதான் எழுதினாள். அம்மா சொன்ன எண், அவளும் நம்பிய எண். எழுதிய மை காய்வதற்குள் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "எட்டு."

பெற்ற மகளுக்கு மூணு. யாரோ ஒருத்திக்கு எட்டு. அன்று நர்ஸ் போகும்போது, "மருந்து அளவைக் கூட்டச் சொல்லி டாக்டர்கிட்ட பேசறேன்" என்றாள். மறுநாளே கூட்டினார்கள். அம்மா இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் தூங்கினாள். தூங்கும் அம்மாவைப் பார்த்துக்கொண்டே சின்னவள் பற்களை நறநறவென்று கடித்தாள். தான் எட்டைப் பார்க்காமல் விட்டது ஒரு வலி. அதை வேறொருத்தி பார்த்துவிட்டது அதைவிடப் பெரிய வலி.

அடுத்த புதனிலிருந்து அவள் கட்டத்தைக் காலியாக வைத்துக்கொண்டு சுவரில் காது வைத்தாள். ஐந்து, நாலு, நாலு, ஆறு, ஏழு. ஐந்து புதன், ஐந்து எண். கேட்டதை அப்படியே எழுதினாள். அவள் கணிப்பு இவ்வளவு துல்லியமா என்று கல்லூரியில் வாயடைத்துப் போவார்கள். நோட்டைப் பார்த்து அந்த நர்ஸும் ஒரு நாள் தலையை ஆட்டுவாள்.

கேட்க வேண்டியது எண் மட்டும்தான். ஆனால் காதை அதோடு எடுக்க முடியுமா? சிரிப்பும் கேட்டது. தன் சொந்த டைரியில் ஒரு நாள் எழுதி வைத்தாள்: "இன்று அம்மா சிரித்தது. நர்ஸோடு: 5. என்னோடு: 0." அவர்கள் என்ன பேசிச் சிரித்தார்கள் என்று தெளிவாகக் கேட்காது. தொழில் பேச்சு. ஏதோ இரட்டைக் குழந்தைக் கதை, ஏதோ ஒரு டாக்டரின் வழுக்கைத் தலை. அம்மா அவளைத் "தங்கம்" என்று கூப்பிட்டாள். அவள் அம்மாவை "அம்மா" என்றாள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறவள்கூட முன்பின் தெரியாத கிழவியை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். இருந்தாலும் சுவர் வழியாக அந்த அம்மா வரும்போதெல்லாம் சின்னவளுக்குத் தன் வீட்டுச் சாவியை வேறு யாரோ பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

"அந்தப் பொண்ணுக்குக் கை நல்ல கை" என்று அம்மா ஒருமுறை சொன்னாள். வார்டில் அது பெரிய பட்டம். பொறுமையும் வேகமும் சேர்ந்திருக்கிறவர்களுக்குத்தான் அம்மா அதைக் கொடுப்பாள். சின்னவளுக்கு அவள் கொடுத்தது வேறு. பள்ளி முடித்ததும் நர்ஸிங் சேரப் போய், உயிரியலில் எட்டு மதிப்பெண் குறைந்து திரும்பி வந்த அன்று, "நல்லதாப் போச்சு. உனக்கு இந்த வேலை ஒத்துவராது. நீ மணியப் பாப்ப, ஆளப் பாக்க மாட்ட" என்றாள். மாலை வகுப்பில் சின்னவள் படிப்பது என்ன என்று அம்மா கேட்டதில்லை. அதே உயிரியல்தான்.

நேற்று அந்த வகுப்பில் வாத்தியார் பரீட்சைத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். ஒரே விடையை ஒரே எழுத்துப் பிழையோடு எழுதியிருந்த இரண்டு பேரை எழுப்பி நிறுத்தி, "பாத்து எழுதினவனுக்கு மார்க் போட்டா, அது பக்கத்துல இருக்கறவனோட மார்க்குப்பா. நீ இன்னும் பரீட்சையே எழுதல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னவள் குனிந்துகொண்டாள்.

பதினொரு மணிக்கு வாசல் மணி அடித்தது. நர்ஸ் செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு, நேராகக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். எந்தத் துண்டில் துடைக்க வேண்டும் என்பது வரை இந்த வீட்டில் அவளுக்குத் தெரியும்.

"ராத்திரி தூங்கினாங்களா?"

"நோட்ல எழுதியிருக்கேன்."

"நோட்டை இப்ப நான் பாக்கக் கூடாதே. அதான் உங்களக் கேக்கறேன்."

"ஒண்ணரை மணி நேரம். நடுவுல ரெண்டு தடவ முழிச்சாங்க."

"நீங்க?"

சின்னவள் நோட்டை எடுத்துக்கொண்டாள். அவளைப் பற்றிக் கேட்க ஆராய்ச்சித் தாளில் இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

அறைக்குள் அம்மாவின் குரல் தேய்ந்து வந்தது. "வா தங்கம். இன்னைக்கு நெறைய கேக்காத. பாஸ் மார்க் அளவுக்குக் கேட்டாப் போதும்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். சாத்தப்படும் கதவின் இடுக்கு வழியாகச் சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். மணியைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். புருவத்துக்கு நடுவே ஒரு கோடு. மேலுதடு பல்லோடு ஒட்டியிருந்தது. இடது கை விரிப்பைப் பிடித்திருந்தது. விட்டது, மறுபடி பிடித்தது. முந்தாநாள் பிடித்தது விடவே இல்லை. அப்படியென்றால் முந்தாநாள் அளவுக்கு இல்லை. ஆனால் மூணும் இல்லை.

கதவு மூடியது.

சமையலறையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். சுவர் பக்கத்திலேயே இருந்தது. காது தானாக அந்தப் பக்கம் போனது. பார்த்து எழுதினவனுக்கு மார்க் போட்டால்... அவள் பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தகரத் தொட்டியில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு கட்டத்தில் 6 என்று எழுதினாள். ஏழு வாரத்தில் அவளே பார்த்து எழுதிய முதல் எண். எழுதியபின் சந்தேகம் வந்தது. ஐந்தோ? ஆறுதான். இருக்கட்டும்.

நோட்டை மூடினாள். குழாயை மூடவில்லை. மூடினால் காது மறுபடி போகும். இருந்த இரண்டு டம்ளரைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

தோளில் ஒரு கை விழுந்தபோதுதான் திரும்பினாள். நர்ஸ் நின்றிருந்தாள். "எத்தனை தடவ கூப்பிட்டேன். வாங்க. சீக்கிரம்."

அறைக்குப் பத்தடிதான். போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. இடது கை விரிப்பின் மேல் விரிந்து கிடந்தது, எதையும் பிடிக்கவில்லை. நர்ஸ் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். மார்பில் குழலை வைத்துக் கேட்டாள். நெடுநேரம் கேட்டாள். பிறகு சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தாளில் எழுதினாள்:

"பதினொண்ணு இருபத்தி மூணு."

அது அம்மாவின் வழக்கம். வார்டில் குழந்தை வெளியே வந்த நொடி முதலில் நேரத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. "அழறதுக்குக் குழந்தை இருக்கு. நேரம் சொல்ல நீதான் இருக்க" என்று புதிதாக வரும் பெண்களை அதட்டுவாளாம். அந்த வேலையைக்கூட இவளே செய்துவிட்டாள். அம்மா போகும்போது பக்கத்தில் இருந்தவளும் இவள். நேரம் சொன்னவளும் இவள். சின்னவளுக்கு அழுகை வரவில்லை.

"தப்பு" என்றாள்.

"என்னது?"

"நேரம் தப்பு. அந்தக் கடிகாரம் நாலு நிமிஷம் முன்னாடி ஓடும். டியூட்டிக்கு லேட்டாகக் கூடாதுன்னு அம்மா வச்சது. வீட்டு ஆளுங்களுக்குத்தான் தெரியும்." கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. "பதினொண்ணு பத்தொம்பது."

நர்ஸ் அவளை ஒரு கணம் பார்த்தாள். தாளை எடுத்தாள். 11.23 என்று எழுதியிருந்ததன் மேல் ஒரே கோடு போட்டாள். பக்கத்தில் 11.19 என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்தாள்.

"தேங்க்ஸ்" என்றாள்.

ஜெயித்துவிட்டோம் என்று சின்னவளுக்கு ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி, எதில் என்று தெரியவில்லை. சமையலறையில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. போய் மூடினாள். வீடு திடீரென்று அமைதியானது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அண்ணனுக்குப் போன் போட்டார்கள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். ஏதோ ஒரு கட்டடத்தின் பதினாலாவது மாடியில் நின்றிருந்தான். வர ஒரு மணி நேரமாகும் என்றான். டாக்டர் வந்து சான்றிதழ் தருவதற்கும் நேரம் இருந்தது.

"உடம்பத் துடைச்சு வேற துணி மாத்திடலாமா?" என்று நர்ஸ் கேட்டாள். "நீங்க செய்றீங்களா, நான் செய்யட்டுமா?"

"நானே செய்றேன்."

"சரி. நான் திருப்பிப் பிடிச்சுக்கறேன். ஒரு ஆளால முடியாது."

வெந்நீரும் துண்டும் வந்தன. நர்ஸ் அம்மாவைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் துடைத்தாள். கழுத்து, தோள், முதுகு. துணியைப் பிழிந்து பிழிந்து துடைத்தாள். துடைத்து முடித்த பிறகு நர்ஸ் குனிந்து பார்த்தாள். இரண்டு இடுப்பெலும்பு, முதுகின் கீழ்ப்பக்கம், இரண்டு குதிகால், இரண்டு முழங்கை. ஒவ்வொரு இடத்தையும் விரலால் அழுத்தி எடுத்தாள். அது இறந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை என்று சின்னவள் நினைத்தாள். பிறகுதான் அவள் தாளில் எழுதுவதைக் கவனித்தாள்.

"என்ன பாக்கறீங்க?"

"படுக்கைப் புண்."

"இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல" என்றாள் நர்ஸ். ஏழு இடத்துக்கும் ஏழு முறை 'இல்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டு மாற்றுத் துணியை எடுத்துக் கொடுத்தாள்.

அண்ணன் வந்தபோது எதிர்வீட்டு அத்தையும் கூடவே வந்தாள். அண்ணன் செருப்போடு உள்ளே ஓடி, கட்டில் காலடியில் உட்கார்ந்து, அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய சத்தமாக அழுதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்ன மணிக்கூண்டு, சரியா எத்தனை மணிக்கு?" என்றான்.

"பதினொண்ணு பத்தொம்பது."

"நீ பக்கத்துலதான இருந்த?"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் சொன்னாள்: "வீட்லதான் இருந்தாங்க. நான்தான் வெளியில நிக்கச் சொல்லியிருந்தேன். ஆராய்ச்சியோட சட்டம் அது."

"என்ன சட்டமோ" என்றாள் அத்தை. "ஊருக்கெல்லாம் வலிய அளந்துட்டுத் திரிஞ்சவ, தன் வலிய அளக்கவிட்டுட்டே போய்ச் சேந்துட்டா. கொடுத்து வச்சவ. என் தங்கச்சி ரெண்டு வருஷம் கெடந்தா, கேக்க நாதி இல்ல." பிறகு சின்னவளின் கன்னத்தைத் தடவி, "காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிச்சியாடி? இரு, டீ போடறேன்" என்று சமையலறைக்குப் போனாள்.

டாக்டர் வந்து போனார். அண்ணன் வண்டிக்குப் பேசினான். நாளைக் காலை பத்து மணி என்று முடிவாயிற்று. தெரிந்தவர்கள் இரண்டிரண்டு பேராக வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அம்மாவோடு வார்டில் வேலை பார்த்த மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். ஒருத்தி கட்டிலைப் பார்த்து, "டியூட்டிக்கு முன்னாடியே வந்து நிக்கறதுலயே இருப்பா. இப்பயும் பாரு, எங்களுக்கெல்லாம் முன்னாடி" என்றாள். மற்ற இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

நாலு மணிக்கு நர்ஸ் கிளம்ப எழுந்தாள். சமையலறை வாசலில் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இந்த நேரத்துல கேக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்கு. நோட்டை இன்னைக்கே தரணும்னு இல்ல. அடுத்த வாரம் வந்துகூட வாங்கிக்கறேன்."

நோட்டு அலமாரியின் மேல் இருந்தது. கொடுத்துவிடலாம். ஐந்து, நாலு, நாலு, ஆறு, ஏழு. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஏழு வாரம் தூங்காமல் பார்த்ததற்கு அவளிடம் இருப்பது அந்த ஒரு நோட்டுதான். 'இந்தப் பெண் ஆளைப் பார்க்கத் தெரிந்தவள்' என்று அதில் அச்சடித்தாற்போல் இருக்கும். கெடுக்க வேண்டும் என்றால் அவளேதான் கெடுக்க வேண்டும்.

"கொஞ்சம் திருத்தம் இருக்கு" என்றாள்.

"அப்புறம் பண்ணுங்களேன்."

"இல்ல. நீங்க இருக்கும்போதே." நோட்டை எடுத்து மேடையில் வைத்தாள். புதன்கிழமைப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினாள். "இந்த அஞ்சும் நான் கணிச்சது இல்ல. சுவத்துல காது வச்சுக் கேட்டு எழுதினது. மொதல் வாரம் நீங்க எட்டு வாங்கிட்டுப் போனீங்க. எனக்கு மூணுதான் குடுத்தாங்க. எனக்குப் பொறுக்கல."

அத்தை கொதிக்க வைத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. நர்ஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டுங்க சிஸ்டர்."

"திட்டறதுக்கு இல்ல" என்றாள் நர்ஸ் மெதுவாக. "அவங்க என்ன சொன்னாங்கன்னு நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன். எப்படிச் சொன்னாங்கன்னு சொல்லலாம்னு நெனக்கிறேன். அதைத் தாள்ல எங்கயும் கேக்கல. மத்த கேள்விக்கெல்லாம் அம்மா முனகற மாதிரிதான் பதில் சொல்வாங்க. நான் காதைப் பக்கத்துல வச்சுக் கேக்கணும். இந்த நம்பரை மட்டும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் சத்தமாச் சொல்வாங்க. சமையலறைச் சுவத்தைப் பாத்து. மொதல் வாரத்துலேர்ந்தே அப்படித்தான். நான் ஏன்னு கேட்டதில்ல."

சின்னவள் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு?"

நர்ஸ் டீப் பாத்திரத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"இன்னைக்கும் சொன்னாங்களா?"

"ரெண்டு தடவ சொன்னாங்க" என்றாள் நர்ஸ். "தண்ணி சத்தம் கேட்டுட்டு இருந்தது."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அண்ணன் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். இடது பக்கம் திரும்பி, மருந்துக் கடை தாண்டி, இல்லை இல்லை, இரண்டாவது இடது. சின்னவள் அந்த வழி முழுவதையும் கேட்டு முடித்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள்.

"எப்படித் திருத்தறது? உண்மையில என்ன போட்டிருப்பேன்னு இப்பத் தெரியல."

"தெரியலைன்னா நம்பர் எழுத வேணாம். ஒரு கோடு போட்டு, நடந்ததைப் பக்கத்துல எழுதுங்க. அஞ்சும் கணக்குல வராது. ரெண்டு வரும்."

ஐந்து கட்டத்திலும் கோடு போட்டாள். பழைய எண் தெரிகிற மாதிரி ஒரே கோடு. ஐந்து முறையும் பக்கத்தில் 'சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டு எழுதியது' என்று எழுதினாள். தேதி, கையெழுத்து, தேதி, கையெழுத்து. மிச்சம் நின்றவை இரண்டு. முதல் வாரத்து மூணு. இன்றைய ஆறு.

நர்ஸ் நோட்டை வாங்கி இன்றைய கட்டத்தைப் பார்த்தாள். "இது?"

"கதவு மூடறதுக்கு முன்னாடி முகத்தைப் பாத்தேன். கையையும் பாத்தேன். நானே போட்டது."

நர்ஸ் தன் தாளை எடுத்து நோட்டின் பக்கத்தில் வைத்தாள். ஒரு அடி எட்டிப் பார்த்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொட்டியைப் பார்த்தாள். கழுவி வைத்த இரண்டு டம்ளரும் கவிழ்ந்து கிடந்தன. முதுகுக்குப் பின்னால் தாள் சரசரத்தது. பிறகு நோட்டை மெதுவாக மூடும் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

"நான் வரேன்" என்றாள் நர்ஸ். வாசலில் செருப்பைப் போடும்போது ஒரு காலுக்கு மற்றதை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினாள். "நாளைக்கு வரலாமா? வேலையா இல்ல. சும்மா."

சின்னவள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொறாமை ஒரே நாளில் போய்விடுகிற சாமான் இல்லை. அது இன்னும் மனதில் ஒரு ஓரமாக உட்கார்ந்துதான் இருந்தது.

"வாங்க" என்றாள். "பத்து மணிக்கு வண்டி. அதுக்கு முன்னாடி வந்துடுங்க."

விளக்குப் போடும் நேரத்துக்கு அண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். அம்மா அறைக் கடிகாரத்தின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தான்.

"இது தப்பா ஓடுதுடி. என் போன்ல பாரு. வர்றவங்க எல்லாம் குழம்பறாங்க. சரி பண்ணிடறேன்."

"இறங்குண்ணா."

"ஒரு நிமிஷ வேலை..."

"அண்ணா. கைய எடு."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கையை எடுத்தான். இறங்கி, நாற்காலியை இருந்த இடத்தில் போட்டுவிட்டு வெளியே போனான்.

ஆராய்ச்சி நோட்டு போய்விட்டது. அவள் தன் டைரியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அம்மா கையருகே வைத்து எழுதினாள்.

நாளை, வியாழன். காலை 7.00: எதிர்வீட்டு அத்தையிடம் நாற்காலிகள் கேட்க வேண்டும். 9.00: அம்மாவுக்குத் தலை வாரிவிட வேண்டும். நர்ஸ் வந்துவிட்டால் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லலாம். 10.00: வண்டி. அம்மா கடிகாரத்தில் 10.04.